முதல் கட்டம் காலி

தங்கச்சிமடத்தில் வெயில் பதினொன்றைத் தாண்டியபோது
தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும் பையோடு வந்தாள்.
யிட்கா என்றாள். இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.
"அரிச்சல்முனைக்கு. ஒரு நாள். எவ்வளவு?"
கடை வாசலில் என் நாலு ஸ்கூட்டரும்
கச்சான் காற்றில் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன,
ஜும்ஆ பயானில் கண்ணயர்ந்தவர்கள் போல.

ஐந்நூறு என்று சொல்வதற்குள்
லைசென்ஸ் என்று சொல்லிவிட்டது வாய்.

சாம்பல் அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.
ஒரு பக்கம் பிரெஞ்சாம், ஒரு பக்கம் ரஷ்யமாம்,
ஒரு பக்கம் அவள் ஊர்ப் பேச்சு.
தமிழ் இல்லை. இருக்குமென்று நானும் நினைக்கவில்லை.
இன்னொரு தாளைத் திருப்பினால், அரபி.

அரபி எனக்குத் தெரியும்.
ஓதிய அரபி கொஞ்சம்,
ஷார்ஜாவில் ஏச்சு வாங்கிய அரபி நிறைய.
விரல் ஒரு வரியில் நின்றது: தர்ராஜா.
மோட்டார் சைக்கிள்.
இந்தச் சொல்லை ஒரு சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று
மூன்று தடவை தோற்றுக் கேட்டிருக்கிறேன்.
ஊரில் பதினாறு வருஷம் ஓட்டினவன்.
அங்கே சாலையில் எந்தப் பக்கம் என் பக்கம் என்பதை
உடம்பு மறந்து மறந்து திரும்பியது.

நாலாம் தடவைக்குக் காத்திருக்கவில்லை
வேதாளை காசிம் லெப்பை.
பிரியாணிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான்.
ரவுண்டானாவை இடப்பக்கமாய்ச் சுற்றிப் பழகின கை.
இடுப்பில் கம்பி இப்போதும் இருக்கிறது.
இன்சூரன்ஸ்காரன் கடிதத்தில் ஒரே ஒரு வரி.
அவனுக்கு வாசிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

யிட்காவின் புத்தகத்தில்
காருக்கு எதிரே ஊதா முத்திரை, வட்டமாக, அழகாக.
அதற்கு மேலே, தர்ராஜாவுக்கு எதிரே
வெறும் கட்டம். ஒரு புள்ளி மை இல்லை.

"கோவாவில் யாரும் கேட்கவில்லை" என்றாள்.
"போலீஸ் நிறுத்தினால் இருநூறு கொடுப்பேன்."
கொடுக்கலாம். போலீஸ் ஒருவேளை வாங்கலாம்.
முகுந்தராயர் சத்திரம் தாண்டி
தாரின் மேல் மணல் நாக்கு நீட்டுகிற இடம்
வாங்காது.
அங்கே முன்சக்கரம் ஒரு நொடி
யாருடையதும் இல்லாமல் போகும்.
இரண்டு பக்கமும் கடல், எதிரே ஒரு வேன்,
உன் கை வலப்பக்கம் ஒதுங்கும்,
பிறந்ததிலிருந்து ஒதுங்கிய பக்கம்.

இத்தனையும் ஆங்கிலத்தில் எனக்கு வரவில்லை.
"நோ ஸ்டாம்ப்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. குனிந்தாள்.
முதல் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை நகத்தால் தட்டினாள்.
வெள்ளைத் தட்டு, கறுப்பு எழுத்து.
"வாடகை வண்டிக்குக் கறுப்பில் மஞ்சள் என்று படித்தேன்.
இது உங்கள் சொந்த உபயோகத்துக்கா?
நாலுமா?"

நாலும்தான்.
ஒரே நேரத்தில் நாலு திசைக்கும் போகிற மனுஷன் நான்.
யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை.

சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.
தனுஷ்கோடி பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும் என்று காட்டினேன்.
ரோட்டைக் கடக்கும்போது இடப்பக்கம் பார்த்தாள்.
வலப்பக்கம் பார்க்கவில்லை.
"ஏ புள்ள!" என்று கத்தினேன்.
எந்த மொழிக்காரிக்கும் அது புரியும் போல. நின்றாள்.
மீன் வண்டி ஒன்று அவள் பையை உரசிக்கொண்டு போனது,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட.

வியாழக்கிழமை ராமநாதபுரம், ஆர்.டி.ஓ. ஆபீஸ்.
வரிசை. ஜெராக்ஸ் கடை. மறுபடி வரிசை.
கறுப்புத் தட்டுக்கு என்ன செய்யணும் என்று கேட்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிரவில்லை.
"வாடகைக்கு விடணும்னா குறைஞ்சது அஞ்சு வண்டி.
உங்ககிட்ட எத்தன?"

அரபியில் கேட்டிருந்தாலாவது
புரியாத மாதிரி நின்றிருக்கலாம்.